மாமனார் போன வருஷம்

மஹதிக்கு வலி வரும் நாளில் சித்திரக்குளத்து மீன்கள்கூட அடியில் போய் ஒளிந்துகொள்ளும் என்று அவள் குடியிருக்கும் அடுக்ககத்துக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். அது கொஞ்சம் கூடுதல்தான். வலி வந்தால் அவள் சத்தம் போடுகிறவளே இல்லை. கோபாலபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல் எடுத்துக்கொண்டிருப்பாள். முக்கோணத்தின் ஒரு பக்கத்தை வரைந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகும் வழியில் சாக்பீஸ் நின்றுவிடும். கரும்பலகையில் நெற்றியை முட்டுக் கொடுத்து நிற்பாள். முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு முக்கோணம் ஒரு வழியாக முடியும், கோணல்மாணலாக. அவளிடம் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போன பிறகும் மூன்றாவது பக்கத்தை நடுக்கத்தோடுதான் வரைந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எல்லாருக்கும் வர்றதுதான்டி" என்று பெற்ற தாய் சொன்னாள். சொன்ன கையோடு போயும் சேர்ந்துவிட்டாள். குடும்ப வைத்தியர் அதையே ஆங்கிலத்தில் சொன்னார். கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்தால் மாமியார் ஜலஜாவும் அதையேதான் சொன்னாள்: "ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்." குழந்தை பிறக்கவில்லை. எனவே சரியாகவும் இல்லை. புருஷன் அனிருத் நல்ல பையன். வலி வரும்போதெல்லாம் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, "என்ன வேணும் மஹி, சொல்லு" என்பான். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியாது. அவன் நின்றுகொண்டே இருப்பான். பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி.

அந்த வீட்டில் உருப்படியாக ஏதாவது செய்தவர் மாமனார் ஒருவர்தான். பேசாத மனிதர். வெந்நீர் போட்டு, ரப்பர் பையில் ஊற்றி, துணி சுற்றி, படுக்கையறைக் கதவோரம் வைத்துவிட்டு, தொண்டையை ஒரு தடவை செருமிவிட்டுப் போவார். அவ்வளவுதான். அந்தச் செருமலைக் கேட்டாலே மஹதிக்குப் பாதி வலி இறங்கும்.

இந்த இடத்தில் மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் திவசத்துக்கு முன்பு, வெள்ளித் தட்டில் வைக்காத குறையாக ஜலஜா ஒரு மாத்திரை அட்டையை மருமகளிடம் நீட்டினாள்.

"காரியம் முடியற வரைக்கும் போட்டுக்கோ. தள்ளிப் போயிடும். மாட்டுப்பொண் கையால சமைச்சாத்தான் பித்ருக்கள் திருப்தியா சாப்பிடுவா."

மயிலாப்பூரில் மாதவிலக்கைத் தள்ளிப்போட்டே நடந்த திவசங்களையும் நோன்புகளையும் வரிசையாக நிறுத்தினால் அது மாட வீதிகளைச் சுற்றி வந்து லஸ் முனையைத் தாண்டும். மஹதியும் முழுங்கினாள். ஓர் அதிசயம் நடந்தது. மாத்திரை போட்ட நாட்களில் விலக்கு மட்டும் தள்ளிப் போகவில்லை, வலியும் தள்ளிப் போயிற்று. அன்று முதல் அந்த வீட்டில் அடுத்த திவசம் எப்போது என்று நாள்காட்டியைப் பார்த்து ஏங்கிய ஒரே ஜீவன் அவள்தான். சுவரில் மாலை போட்டுக்கொண்டிருந்த கொள்ளுப்பாட்டனார்களுக்கே அவளுடைய பக்தியைப் பார்த்துச் சந்தேகம் வந்திருக்கும்.

பிறகு மாமனார் போய்விட்டார். ஒரு நாள் காலை, காபி ஆறுவதற்குள். முதல் வருஷம் மாதாமாதம் மாசிகம். மாசிகத்துக்கெல்லாம் மாட்டுப்பெண் சமைக்க வேண்டும். மாத்திரை அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. செருமல் இல்லாத அந்த வீட்டில் மஹதி அழுதாள்; உண்மையாகவே அழுதாள். ஆனால் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது தன் பாட்டுக்கு லேசாகிவிட்டது. வகுப்பில் முக்கோணங்கள் நேராக வந்தன. பாண்டி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினாள். யாரோ சொன்ன சின்ன ஹாஸ்யத்துக்குச் சிரித்துக்கூட விட்டாள்.

"துக்கத்தை முழுங்கிண்டு எங்களுக்காக சிரிச்ச மொகமா இருக்கா பாவம்" என்று ஜலஜா வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினாள். மஹதி வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பது?

வருஷாப்திகம் என்ற முதலாண்டுத் திவசம் முடிந்தது, மாத்திரை நின்றது. வலி வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. இந்தத் தடவை வயிற்றில் மட்டும் இல்லை. கழிவறைக்குப் போனாலும், ஸ்கூட்டரில் பள்ளத்தில் இறங்கினாலும், இடது விலாப் பக்கமும். ஒரு நாள் கரும்பலகையில் முட்டுக் கொடுத்த நெற்றி வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது. முன்வரிசைப் பெண்கள் அலறினார்கள். அனிருத் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு அடையாறில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான்.

அங்கே டாக்டர் ஜஹனாரா. குட்டையான உருவம், பெரிய கண்ணாடி, அவசரமே இல்லாத குரல். எல்லாரும் எங்கே வலிக்கிறது என்று கேட்பார்கள். அவர் வேறு மாதிரி கேட்டார்.

"சரிம்மா, வலி இல்லாம நல்லா இருந்த காலம்னு ஏதாவது இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

மஹதிக்கு வாய் முந்திக்கொண்டது. "மாமனார் போன வருஷம், டாக்டர்."

பக்கத்து நாற்காலியில் ஜலஜா உட்கார்ந்திருந்தாள். மெதுவாக மாத்திரைக் கதை வெளியே வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அந்த மாத்திரையாலயா டாக்டர் இப்படி ஆச்சு?" என்று ஜலஜா கேட்டபோது அவள் குரல் அவளுடைய குரலாகவே இல்லை.

"இல்லம்மா. அது வியாதியைக் கொண்டு வரலை. அது இருந்தப்ப வியாதி அடங்கிக் கெடந்துது, அவ்வளவுதான்."

ஸ்கேன் படங்களை வைத்துக்கொண்டு டாக்டர் விளக்கினார். கருப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு போன்ற ஒன்று வெளியே படர்ந்து, மாதாமாதம் அதுவும் கசிந்து, கசிந்த இடமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. பாகு முற்றிப்போன மைசூர்பாகு தட்டோடு பிடித்துக்கொள்கிற மாதிரி கருப்பையும் மலக்குடலும் பிடித்துக்கொண்டுவிட்டன. இடது சிறுநீர்க் குழாயையும் அது நெரிக்கிறது. இனி மாத்திரையை மட்டும் நம்பிக் காத்திருந்தால் சிறுநீரகம் கெட்டுப்போகும். நுண்துளை அறுவை செய்து சுரண்டி எடுக்க வேண்டும். மலக்குடலில் ஒரு துண்டை வெட்டவேண்டி வரலாம். வெட்டினால், ஒட்டிய இடம் ஆறும்வரைக்கும் குடலை வயிற்றுக்கு வெளியே திருப்பிவிட்டு, மலத்துக்கு ஒரு பை பொருத்த வேண்டி வரலாம்.

மஹதிக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. பை மட்டும் விழுந்தது.

அவள் எந்த வீட்டில் வாழ்கிறாள் என்று தெரிந்தால்தான் அது புரியும். மடித்துணியை யார் கையும் படாமல் கொம்பால் எடுத்துக் கட்டிக்கொள்கிற வீடு அது. வெளியே போய்விட்டு வந்த கால் கழுவப்படாமல் அடுக்களை வாசலைத் தாண்டினால் மிக்ஸி தானாக நின்றுவிடும் என்று நம்புகிற மாமியார். அந்த வீட்டில் வயிற்றில் மலப்பையோடு ஒருத்தி எங்கே நிற்பாள், எங்கே உட்காருவாள்?

"வலி போகாட்டாலும் பரவாயில்லை டாக்டர். பை மட்டும் வேண்டாம்."

"அது இல்லாம முடிக்கத்தான் பார்ப்பேன். ஆனா சத்தியம் பண்ணித் தர மாட்டேன்மா."

வீட்டுக்கு வந்ததும் ஜலஜாவின் அண்ணா சுப்பராமன் நங்கநல்லூரிலிருந்து வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற பொறியாளர். உலகத்தில் எதைப் பற்றியும் ஒரு வீடியோவாவது பார்த்துவிட்டுத்தான் தூங்குவார்.

"ரோபோ!" என்றார், செருப்பைக்கூட கழற்றாமல். "இந்தக் காலத்துல யாராவது கையால பண்ணுவாளா? ரோபோன்னா கை நடுங்காது. முடி அளவுக்கு வெட்டும். பையே வராது!"

"அண்ணா, செருப்பு" என்றாள் ஜலஜா. பிறகு, "அந்த ரோபோ தனியாவா இவளோட உள்ள இருக்கும்?"

"வேற எப்படி?"

"அது ஆம்பளையா பொம்பளையா?"

"ஏ அசடே, அது மிஷின்!"

"எதுவா இருந்தா என்ன? துணி இல்லாம படுத்துண்டிருக்கற பொண்ணுகிட்ட இரும்பு மனுஷனை விடறதாவது. கைதான் சரி. மனுஷா கை."

மஹதி சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அவளுடைய வயிற்றைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் அவளைத் தவிர எல்லாரும் பேசினார்கள். மாடி வீட்டு மாமி கையின் கட்சி. அனிருத்தின் அலுவலகத்தில் பாதிப் பேர் ரோபோ கட்சி. அயனாவரத்தில் ஒருத்தருக்கு ரோபோ செய்தபோது மின்சாரம் போய், அது கையை நீட்டியபடியே நின்றுவிட்டதாம். தீபாவளி வரைக்கும் அப்படியே நின்றதாம். அனிருத் அவளிடம் வந்து, "உனக்கு எது வேணும் மஹி, சொல்லு" என்றான். பஸ் நிறுத்தம்.

கடைசியில் ஜலஜா தனக்குத் தெரிந்த வழிக்குப் போனாள். பூக்கட்டிப் பார்ப்பது. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில், ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டை. சிவப்பு வந்தால் ரோபோ, வெள்ளை வந்தால் கை. சுப்பராமன் கண்காணிப்புக்கு வந்தார். மஹதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாண விஷயமா மாமி?" என்றார் குருக்கள்.

"ஆபரேஷன்."

"பண்ணலாமா வேண்டாமான்னா?"

"அதெல்லாம் முடிவாயிடுத்து. எந்த மாதிரின்னுதான்."

குருக்கள் ஒரு கணம் பிள்ளையாரைப் பார்த்தார். அவரும் இவரைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை.

"இது செல்லாது" என்றார் சுப்பராமன். "சரியா குலுக்கலை. இன்னொரு தரம்."

இன்னொரு தரம் சிவப்பு.

"அப்போ மூணாவதா ஒண்ணு போட்டுப் பார்த்துடுவோம்" என்று ஜலஜா மடிசார் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூன்றாவதில் சிவப்போ வெள்ளையோ, அது மஹதிக்குத் தெரியாது. அவள் அதற்குள் கோயில் படியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தடவை அடையாறுக்குப் போனபோது சுப்பராமனும் கூடவே வந்தார். டாக்டர் ஜஹனாரா முழுவதையும் கேட்டுவிட்டு ரோபோ என்றால் என்ன என்று சொன்னார்.

"அது தானா ஒண்ணும் பண்ணாதுங்க. நான்தான் பண்ணுவேன். சாதாரண லேப்ராஸ்கோப்பின்னா, நான் மஹதி பக்கத்துல நின்னு, நீளமான கருவியைத் துளை வழியா விட்டு, டிவியைப் பார்த்துக்கிட்டே வேலை செய்வேன். ரோபோன்னா, அதே ரூம்லயே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, ஒரு பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்துக்கிட்டுக் கையை அசைப்பேன். அந்த மிஷினோட கை உள்ள அசையும். ரெண்டுலயும் சின்னத் துளைதான். ரெண்டுலயும் நான்தான்."

"ஆனா ரோபோதானே உசத்தி?" என்றார் சுப்பராமன்.

"எனக்கு முதுகு வலிக்காது, சார். அது உண்மை. மணிக்கட்டை நல்லாத் திருப்பலாம். ஆனா பேஷன்ட்டுக்கு வலி குறையுதா, சிக்கல் குறையுதா, பை வராம இருக்கான்னு கேட்டா, இதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியில பெரிய வித்தியாசம் தெரியலை. இவ்வளவு முத்தின கேஸ்ல நிச்சயமா எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியாது."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி சுப்பராமன் கேட்டதில்லை.

தெரியாததால்தான் அந்த மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. சேர்கிறவர்களில் யாருக்கு எந்த முறை என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத் தீர்மானிக்கும். டாக்டர் தேர்ந்தெடுக்க முடியாது. நோயாளிக்கும் வீட்டாருக்கும் எது நடந்தது என்று ஒரு வருஷத்துக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால், வலியைச் சொல்லும்போது மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஜலஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதைத்தானே நானும் பிள்ளையார் கோயில்ல பண்ணேன்?"

"அதேதாம்மா" என்றார் டாக்டர் ஜஹனாரா. "ஆனா நாங்க ஒரு தரம்தான் போடுவோம்."

மஹதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடது விலாவில் குத்தியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளாக ஒரு முடிவு எடுத்தாள்: சேர்ந்துவிடுவது. கையெழுத்துப் போடும்போது, தான் எடுத்த ஒரே முடிவு தான் முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் என்று தோன்றியது. கணக்கு டீச்சர், தோன்றாமல் இருக்குமா?

"பை மட்டும்..." என்றாள் மறுபடியும்.

"ஞாபகம் இருக்கும்மா" என்றார் டாக்டர்.

பள்ளி விடுமுறையில் அறுவை நடந்தது. மயக்கம் தெளிந்தபோது மஹதிக்குக் கண் திறப்பதற்கு முன்னால் கை நகர்ந்தது. அந்தக் கையை இன்னொரு கை பிடித்துக்கொண்டது. வெரோனிகா என்ற நர்ஸ், சைதாப்பேட்டைக்காரி.

"இன்னாக்கா, கண்ணு தொறக்கறதுக்கு மின்னாடி கை எங்க போய்க்கினு கீது?"

"பை இருக்கா?"

வெரோனிகா பொய் சொல்லத் தெரியாதவள். "கீதுக்கா" என்றாள். "கொஞ்ச நாளைக்குத்தான். எங்க மாதா கோயில்ல முன்வரிசைல உக்காந்து பாடறாரே ஒருத்தரு, அவருக்கும் கீது. யாருக்கும் தெரியாது. இப்ப உனக்குச் சொல்ட்டேன், நீ யாருக்கும் சொல்லாத."

மஹதி கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் வழிந்ததை வெரோனிகா பஞ்சால் ஒற்றினாள்.

மாலையில் டாக்டர் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "ரொம்பக் கீழே இறங்கியிருந்துதும்மா. அந்தத் துண்டை எடுத்துட்டு ஒட்டியிருக்கேன். பை வைக்காம விட்டு, ஒட்டின இடம் கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. ஞாபகம் வெச்சிருந்தும்தான் வெச்சேன். மூணு மாசம் கழிச்சு மூடிடலாம்." கூடவே ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார், இனி தினமும். பழைய மாத்திரைக்குப் பங்காளி முறை என்றார். இனிமேல் நமக்குத் தினமும் திவசம்தான் என்று மஹதி நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் கட்சிச் சண்டை தொடர்ந்தது.

"பை வந்துடுத்தோல்லியோ, அப்போ கண்டிப்பா கையாலதான் பண்ணியிருக்கா" என்றார் சுப்பராமன்.

"அந்த இரும்பு மனுஷன்தான் கிழிச்சிருப்பான்" என்றாள் ஜலஜா. "மனுஷா கையா இருந்தா பதமா பிரிச்சிருக்கும்."

"துளை எங்கெங்க இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு அனிருத், எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் பார்த்தாலே சொல்லிடுவார்."

"மாமா, அவ வயிறு என்ன பொருட்காட்சியா?" என்றான் அனிருத். அவன் குரலை உயர்த்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பிறகு காபி வந்தது.

மஹதியின் வலப்பக்க வயிற்றில், பெரிய நெல்லிக்காய் அளவில், சிவப்பாக, ஈரமாக, அவளுடைய குடலின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. அதைச் சுற்றிப் பை ஒட்டியிருந்தது. அது தனக்குத் தோன்றியபோது இயங்கியது. விருந்தாளி, கோலம், ராகுகாலம் எதையும் பார்க்கவில்லை. பழைய வலி போயிருந்தது என்னவோ உண்மை. வலி இருந்த இடத்தில் அவள் தன் உடம்பைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜலஜா சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்தாள். வேளை தவறாமல், ரசம் முதற்கொண்டு. ஆனால் தட்டை மேஜையில் வைத்துவிட்டு வாசற்படிக்குப் போய் நின்றுகொண்டுதான் பேசினாள்.

ஆடி மாதம் மாமனாரின் திவசம் வந்தது. ஜலஜா திவசம் பண்ணிவைக்கிற வாத்தியாரிடம் போனில் குசுகுசுத்துக் கேட்டாள்.

"சமையலுக்கு ஆள் போட்டுக்கோங்கோ மாமி. அந்தப் பொண் உள்ள படுத்துண்டு இருக்கட்டும், தோஷமில்லை."

எனவே மஹதி படுக்கையறையில், கதவு சாத்தி. கூடத்தில் ஹோமப் புகை, மந்திரம், இலை போடும் சத்தம். அன்று விடியற்காலையில் ஜலஜா வீட்டையே அலம்பித் தள்ளினாள். அலம்பும் வேகத்தில், மாற்றுப் பைகளும் ஒட்டும் வளையங்களும் இருந்த அட்டைப்பெட்டியை மஹதியின் அலமாரியிலிருந்து எடுத்து, கூடத்துக்கு அப்பால் இருக்கும் பால்கனியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். மலப்பை என்ற பெயரை வெளியில் எழுதிக்கொண்டு ஒரு பெட்டி பித்ருக்கள் வரும் வீட்டுக்குள் இருப்பதாவது? ஒரு பகல் காரியம், சாயங்காலம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மஹதி அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிராமணர்கள் இலையில் உட்காரப்போகும் நேரத்தில் பையின் ஒட்டு ஒரு பக்கமாக நழுவியது. வயிற்றில் சூடாக ஒன்று வழிந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். காலி. கட்டிலடியில் பார்த்தாள். குளியலறைக்குள் ஓடி, தரையில் உட்கார்ந்தாள். துண்டு நனைந்தது. இன்னொரு துண்டு. நெல்லிக்காய் நிற்கவே இல்லை. பெட்டி எங்கே போயிருக்கும் என்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று. அதை எடுக்க வேண்டுமென்றால் ஹோமத்தையும் இலைகளையும் தாண்டிப் போக வேண்டும். இந்தக் கோலத்தில்.

அனிருத்தைக் கூப்பிடலாம். ஆனால் அவன் தர்ப்பை மோதிரத்தோடு, ஈர வேஷ்டியோடு, எழுந்திருக்கக் கூடாதவனாக உட்கார்ந்திருந்தான். இருந்தாலும் அவனுடைய போனுக்கு அடித்தாள். கூடத்து அலமாரியில் அது மந்திரத்துக்கு நடுவே பாடியது. யாரோ எடுத்தார்கள்.

"யாரு? மஹதியா? உள்ளேர்ந்துண்டே எதுக்குப் போன் பண்றே?" சுப்பராமன்.

"மாமா... அம்மாவைக் கொஞ்சம்..."

"என்ன, காபியா?"

"பை கழண்டுடுத்து, மாமா."

உலகத்தில் எதைப் பற்றியும் வீடியோ பார்த்தவர் இதைப் பற்றிப் பார்க்கவில்லை. பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி, "ஜலஜா! உன் மாட்டுப்பொண்ணுக்குப் பை கழண்டுடுத்தாம்!" என்றார்.

மந்திரம் நின்றது. மஹதி குளியலறைச் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்தாள், கரும்பலகையில் கொடுக்கிற மாதிரி.

கூடத்தில் ஏதோ நகர்ந்தது. கால் சத்தம் பால்கனிப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. குளியலறைக் கதவு திறந்தது. மடிப் புடவையில் ஜலஜா. கையில் அட்டைப்பெட்டி. தரையைப் பார்த்தாள், துண்டுகளைப் பார்த்தாள், அந்தச் சிவப்பு நெல்லிக்காயை முதல் தடவையாகப் பார்த்தாள். முகம் ஒரு நொடி சுருங்கத்தான் செய்தது. மஹதி அதைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க போங்கோம்மா. மறுபடி குளிக்கணும் உங்களுக்கு. நானே பண்ணிக்கறேன்."

"எப்படிப் பண்ணிப்பே? ரெண்டு கையும் அமுக்கிப் பிடிச்சுண்டிருக்கு. வாயாலயா கத்திரிப்பே?" ஜலஜா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வெளில கொண்டுபோய் வெச்சது நான். பேசாம என்ன பண்ணணும்னு சொல்லு."

மஹதி சொன்னாள். வெந்நீரில் துடைக்க வேண்டும். நன்றாக உலரவிட வேண்டும். வளையத்தில் அளவாகத் துளை வெட்ட வேண்டும். ஜலஜா முதல் வளையத்தை முட்டை வடிவத்தில் வெட்டிக் கெடுத்தாள். இரண்டாவது சரியாக வந்தது. அதற்குள் நெல்லிக்காய் இன்னொரு முறை பொங்கி அவள் முழங்கை வரை வழிந்தது.

"ஜலஜா! இலை போட்டாச்சு! அவா காத்துண்டிருக்கா!" கூடத்திலிருந்து சுப்பராமன்.

"காத்துண்டிருக்கட்டும்!" என்று உள்ளேயிருந்தே கத்தினாள் ஜலஜா. பிறகு பையை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சூடு பட்டால்தான் பிடிக்கும் என்று மஹதி சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜலஜாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த ஆபரேஷனுக்கும் சீட்டுதான் போடுவாளா?" என்றாள் கடைசியில்.

"தெரியலைம்மா."

"உனக்கு என்னதான் தெரியும்?"

"ஒண்ணும் தெரியலைம்மா."

"எனக்கும்தான்" என்றாள் ஜலஜா. எழுந்து, அங்கேயே பச்சைத் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, புடவை சொட்டச் சொட்ட வெளியே போனாள். போகிற வழியில் அட்டைப்பெட்டியை மஹதியின் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். காக்கைக்குச் சாதம் வைக்கும் சத்தம் கேட்டது. அது வந்து கொத்தாமல் வீட்டார் யாரும் சாப்பிட முடியாது. "கா, கா" என்று பால்கனியில் ஜலஜா அழைத்தாள். அனிருத் அழைத்தான். சுப்பராமன் அழைத்தார், அவர் அழைத்த தொனிக்குக் காக்கை என்ன, கழுகே பறந்துவிடும். ஒன்றும் வரவில்லை.

"கோபமா இருக்காரோ?" என்று யாரோ சொன்னார்கள். "இன்னிக்குக் காரியத்துல நடுவுல இப்படி ஆயிடுத்தே." ஜலஜா மறுபடியும் அழைத்தாள். "கா, கா" என்ற குரல் மட்டும் கொஞ்சம் உடைந்தது.

மஹதி கட்டிலில் புரள முடியாமல் மல்லாந்து கிடந்தாள். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, ஏசி பெட்டியின்மேல், ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. எப்போது வந்ததோ. தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது. கரைந்த மாதிரி இல்லை. செருமிய மாதிரி இருந்தது.

எழுந்து விரட்டலாம் என்றால் ஒட்டு மறுபடி நழுவிவிடுமோ என்று பயம். கூடத்துக்குக் குரல் கொடுக்கலாம் என்றால் அடிவயிற்றில் தெம்பில்லை. அவள் கையால் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அந்தப் பக்கம் போங்கோப்பா. அவா எல்லாரும் பசியா இருக்கா."

அது போகவில்லை.